சீயக்காயும் வடிகஞ்சியும்: தலைக்குக் குளிக்கும் முறை

முதலில் தண்ணீரைப் பாருங்கள். எண்ணெயை மாற்றியும் ஷாம்பூவை மாற்றியும் முடி வைக்கோல் மாதிரியே கிடந்தால், குறை போர்த் தண்ணீரில் இருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. மூடியுள்ள பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைப் பயறளவு சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல தண்ணீர். நுரைக்காமல், பால் திரிந்தாற்போல வெள்ளையாக மிதந்தால் கடின நீர். ஷாம்பூ போட்டுச் சோதித்தால் தெரியாது, அது கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும். தலைக்குச் சோப்பு போட்டால் இந்தத் திரிவுதான் முடியில் ஒட்டிப் பிசுக்காகிறது. சீயக்காய் அப்படித் திரியாது.

தூள்: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. இலை தவிர மற்றதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். காயை ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு அரைத்து வைத்தால் பூசணம் பிடிக்கும். மில்லில் சீயக்காய்க்கென்று தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் போட்டால் குளிக்கும்போது தெரியும் சங்கதி! அரைத்ததைச் சலித்தே தீர வேண்டும். திப்பி முடியில் சிக்கினால் மூன்று நாளுக்குச் சீப்பில் வந்துகொண்டே இருக்கும்.

தோளளவு முடிக்கு மூன்று மேசைக்கரண்டி தூள் போதும். சோறு வடித்த கஞ்சியை, உப்புப் போடாததாக, வெதுவெதுப்பாக ஒன்றரை டம்ளர் விட்டுக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். கெட்டியாக இருந்தால் அலசினாலும் போகாது. குக்கரில் சோறு வைக்கும் வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது? வெந்நீரில் கரையுங்கள், முடி கொஞ்சம் வறளும், அவ்வளவுதான்.

குளிப்பதற்கு அரைமணி முன்பு இரண்டு மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் அதை எடுக்கவே இன்னொரு பங்கு தூள் போடவேண்டி வரும், முடிதான் காய்ந்துபோகும். பொடுகு இருந்தால் உச்சியை விட்டு நீளத்துக்கு மட்டும் தடவுங்கள், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

முடியை முழுக்க நனைத்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கலவையை உச்சி, காதோரம், பிடரி என்று ஊற்றி, விரல் நுனியால் இரண்டு நிமிடம் தேயுங்கள். நகம் வேண்டாம். நீளமான பகுதியைத் தனியாகக் கசக்க வேண்டியதில்லை, வழிந்து வருவதே போதும். கண்ணில் பட்டால் சுரீரென்று எரியும், உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வழியும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான், மறுநாள் தலை அரிப்பதும் அதனால்தான். கடின நீர் என்றால் கடைசிச் சொம்புக்கு மட்டும் மழைநீரோ, குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீரோ எடுத்து வையுங்கள்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். பழைய வேட்டித் துணி துண்டைவிட நல்லது. சிக்கை அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள், உச்சியிலிருந்து இழுத்தால் ஈர முடி அறுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு கொண்டை போட்டால் புழுக்கவாடை வரும், காலையிலேயே குளித்துவிடுங்கள். சாம்பிராணி வாசனைக்குத்தான். வாரம் இரண்டு முறை போதும். செவ்வாய், வெள்ளி என்று பெண்களுக்கும் புதன், சனி என்று ஆண்களுக்கும் பெரியவர்கள் வைத்த கணக்கும் அதுவே.

தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவமோ கடுங்காய்ச்சலோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டினால் தூளைக் குற்றம் சொல்லாதீர்கள், சில மாதங்களில் பெரும்பாலும் தானே நிற்கும். விடாத பொடுகுக்குச் சீயக்காய் மருந்தாகாது. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பூவை வாரம் இருமுறை, தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசலாம். காசளவு வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம், வெங்காயச் சாறு தேய்த்து நாள் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.