லாடெக் மலருக்கு மங்காத கோட்டுப்படம்

சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரை லாடெக்கில் (மரத்துப் பால் இல்லீங்க, அச்சுக்கோக்கும் மென்பொருள்!) தயாரிக்கிறீர்களா? பால்மரம் சீவும் விளக்கப்படத்தை ஜேபெக்காக வைத்தால் கோடுகள் பிசிறடிக்கும். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் வரைந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இங்க்ஸ்கேப்பின் வழக்கமான கோப்பு வடிவமான எஸ்விஜியை லாடெக் நேரடியாக ஏற்காது.

அச்சாகும் அகலத்திலேயே வரைவதுதான் முக்கியம். ஏ5 தாள் 148 மி.மீ.; இருபுறமும் 15 விட்டால் மிச்சம் 118. அதை 236இல் வரைந்து பாதியாகச் சுருக்கினால் 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 5 ஆகிவிடும், பாட்டிமார் எப்படிப் படிப்பார்கள்? 0.5 புள்ளிக் கோடும் 0.25 ஆக மெலியும்.

சேமிக்குமுன் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பக்கத்தைப் படத்தளவுக்குக் குறையுங்கள்; இல்லையேல் சுற்றிலும் வெற்றிடம் வரும். மங்கல், நிழல் விளைவுகள் வேண்டாம், அவை ஜேபெக் போலப் புள்ளிப்படமாகிவிடும். எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டுருவமாக) மாற்றினால் பிறகு திருத்த முடியாது. மூல எஸ்விஜியை அழிக்காதீர்கள்.