நிறுவனக் கையேட்டுக்குள் நின்று ஒரு மிளகாய்த்தூள் லேபிள்

சாயல்குடிப் பக்கம் முண்டு மிளகாயை அரைத்துப் பொட்டலமிடும் ஒரு மகளிர் குழு, பெயர் நிலைத்த மசாலா நிறுவனம் ஒன்றுக்குச் சரக்குத் தரத் தொடங்கினால், லேபிள் வேலை உள்ளூரில் கணினி தெரிந்த ஒருவரிடம் வந்து சேரும். அதைப் புதிதாக ஏற்பவருக்காக, 200 கிராம் பை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மிளகாய்ப் படம் தேட வேண்டாம். லோகோ, நிறம், எழுத்து ஆகியவற்றுக்கான விதிகளைச் சொல்லும் நிறுவனத்தின் கையேட்டைப் படித்து, லோகோவின் மிகச் சிறிய அளவு, அதைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம், நிறங்களின் எண்கள், எழுத்துருவின் பெயர் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இடம் மிஞ்சுகிறதே என்று என் முதல் லேபிளில் லோகோவைச் சற்றே பெரிதாக்கினேன். அந்த ஒன்றுக்காகவே முழு வேலையும் திரும்பி வந்தது.

அடுத்து, சட்டம் கேட்பவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். சைவக் குறியான பச்சைக் கோட்டுச் சதுரமும் அதனுள் பச்சை வட்டமும் முன்பக்கத்தில், பொருளின் பெயருக்கோ பிராண்டின் பெயருக்கோ அருகில் வர வேண்டும். முன்பக்கப் பரப்பு 100 சதுர செ.மீ. வரை என்றால் வட்டத்தின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சிவப்புப் பின்னணியில் அந்தப் பச்சை மங்கிப்போகும் என்பதால் அடியில் வெள்ளை இடுங்கள். 14 இலக்க உணவு உரிம எண், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றுக்கும் இப்போதே கட்டம் போட்டுவிடுங்கள். தொகுதி எண், தேதி, விலை ஆகியவை பிறகு அச்சாகுமானால், அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

தமிழ்ப் பெயர்தான் உண்மையான தலைவலி. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்க முடியும். ஆங்கில எழுத்தை அளவாக வைத்து எழுதிய கையேட்டின் வரி இடைவெளியை அப்படியே பின்பற்றினால், மேல்வரியின் ‘மு’, ‘ண்டு’ ஆகியவற்றின் கீழ்ச்சுழி கீழ்வரியின் ‘மி’, புள்ளி ஆகியவற்றின் மேல் இடிக்கும். ‘இராமநாதபுரம் முண்டு மிளகாய்த்தூள்’ ஒரே வரியில் அடங்கவில்லை என்று எழுத்தை நெருக்கிச் சப்பையாக்குவதைவிட, இரண்டு வரியாக உடைத்து, இடைவெளியை அதிகரித்து, தமிழ் எழுத்துருவுக்கு நிறுவனத்திடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குவதே சரி. இந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அதன் முத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பதிவு பெற்ற பயனாளர்களுக்கே அந்த உரிமை உண்டு.

பார்கோடின் கோடுகள் கருப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் இருக்கட்டும். நிறுவனத்தின் நிறம் என்று கோடுகளையே சிவப்பாக்கினால், சிவப்பு ஒளியில் படிக்கும் கருவிக்கு அவை தெரியாது. மூல அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கவும் கூடாது.

இறுதியாக, பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி, பை ஒட்டும் விளிம்பில் எழுத்து வராமல் பார்த்து, உண்மை அளவில் ஒரு தாள் எடுத்து வெற்றுப் பையில் ஒட்டிப் பாருங்கள். உரிம எண்ணை மட்டும், லேபிளை வரைந்தவரல்லாத ஒருவர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்த பிறகே கோப்பு அச்சகத்துக்குப் போகட்டும்.