லிண்டலில் கறளா? பூசி மறைக்காதீர்கள்

"தம்பி, உதிர்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சாந்து பூசிவிடும்" என்றுதான் எல்லா வீட்டுக்காரரும் சொல்வார்கள். பூசலாம். ஒரு மாரி தாண்டினாலே பெரிய காரியம். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்த சனம், கூரையில்லாமல் மழை குடித்து நின்ற சுவர்களின் மேலேயே கூரை போட்டது. அந்தச் சுவர்களில் கதவு, ஜன்னலுக்கு மேலே போட்ட கொங்கிறீட் லிண்டல்கள்தான் இப்போது வெடிக்கின்றன.

கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சீமெந்தின் காரம் கறள் (துரு) பிடிக்காமல் காக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அந்தக் காரத்தை மெல்லக் குறைக்கும். முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரையில் காரம் குறையும்வரை கடல் உப்பு காத்திருக்காது, அதற்கு முன்னமே கம்பியைக் கறளாக்கும். கறள் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். கொங்கிறீட் பிளக்கத்தானே செய்யும்.

முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்னும், பிரிந்த இடம் பொத்தென்னும். சோக்கால் வட்டம் போடுங்கள். வளையோ (பீம்) பிளாட்டோ (மட்டக் கொங்கிறீட் கூரை) என்றால் உடைக்குமுன் முட்டுக் கொடுங்கள். புதிதாக உடைத்த முகத்தில் பினோத்தலீன் என்ற சோதனைக் கரைசலைத் தெளித்து இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது. உப்பை அது காட்டாது.

இனித்தான் வேலை. கறள் பிடித்த கம்பி நல்ல இரும்பாகத் தெரியும்வரை இரு பக்கமும் உடைக்க வேண்டும். கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் இடைவெளி, 20 மில்லிமீற்றராவது, வேண்டும். பலர் இங்கேதான் சோம்பல் படுவார்கள். முன்பக்கத்தைச் சுரண்டிவிட்டு முதுகில் கறளை விட்டுவிடுவார்கள். உப்புப் பட்ட இடத்தில் இன்னும் தள்ளி உடையுங்கள். இல்லாவிட்டால் புதுச் சாந்தின் ஓரத்துப் பழைய கொங்கிறீட்டில் கறள் முன்னைவிட வேகமாகக் கிளம்பும். கம்பிப் பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் பவுசர் தண்ணீர்தான்.

அப்புறம் கம்பியை அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 10 ஆக மெலிந்திருந்தால் "இரண்டுதானே" என்று விடாதீர்கள். இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பக்கத்தில் புதுக் கம்பி கட்டுங்கள். நல்ல பகுதியோடு இரு முனையிலும் அரை மீற்றராவது ஒட்டி ஓடட்டும். தூண் என்றால் எஞ்சினியர் பார்க்காமல் தொடவேண்டாம்.

கம்பிக்குத் துத்தநாகப் பிரைமர், பிறகு ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் போட்ட சாந்து. ஆற்று மணல்தான், கடல் மணல் கிட்டவும் வரக்கூடாது. சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் சாந்து ஒரு மணித்தியாலத்திலேயே காயப் பார்க்கும். ஈரச் சாக்குக் கட்டி ஏழு நாள் நனையுங்கள். பிளாட் என்றால் மேலே தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் நிரவிவிட்டுத்தான் ஏணியை எடுக்க வேண்டும்.