பின்னங்கால் விழுந்த முயலை ஃபாஸ்டர் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பின்னங்கால் இரண்டும் செயலிழந்து விழுந்துபோன முயல், தத்துப் போகும்வரை பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்தால் எல்லோர் கவனமும் காலிலேயே இருக்கும். நடக்குமா, சக்கர வண்டி கட்டலாமா என்றுதான் கேட்பார்கள். உயிருக்கு உலை வைப்பவை வேறு இரண்டு: ஈரமாகவே கிடக்கும் பின்பக்கம், வேலை செய்யாமல் நின்றுபோகும் குடல். வண்டியைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

தவறு தூக்குவதிலேயே ஆரம்பிக்கிறது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7 முதல் 8 சதவீதம்தான். பின்தொடைத் தசையோ அசுர பலம். பிடி நழுவி ஒரு உதை உதைத்தால் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முறிந்துவிடும். பல முயல்களுக்குக் கால் விழுந்ததே இப்படித்தான். சந்தையில் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள், அது கூடவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், முயல் உங்கள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். துடைப்பதற்காக மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். 'பாருங்க, எவ்வளவு சமத்து' என்பார்கள். சமத்தெல்லாம் இல்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது.

இனி ஈரம். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால் சிறுநீர்ப்பை காலியாகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பல நேரம் பை நிரம்பி வழிவதால்தான் அது சொட்டுகிறது. கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அவர் முன்னாலேயே செய்து பழகுங்கள். வீடியோ பார்த்து அமுக்கினால் பை கிழியலாம். முயலின் சிறுநீர் கலங்கலாக இருப்பதும், தின்ற தழையைப் பொறுத்து ஆரஞ்சு, செம்பழுப்பு ஆவதும் இயல்புதான். திருநீற்றைக் குழைத்த மாதிரி வெள்ளைக் களிம்பாக வந்தால் கவலைப்பட வேண்டும். அது கால்சியம் படிவு. அதனால் குதிரைமசால், வேலிமசால், முருங்கைக்கீரை போன்றவற்றைத் தினசரித் தீவனமாக்காதீர்கள்.

நாறுகிறதே என்று பக்கெட்டில் முக்கிக் குளிப்பாட்டுவது இன்னொரு தவறு. முழுக்க நனைந்தால் உடல் சூடு சட்டென்று இறங்கும், பயத்திலேயே துவண்டுவிடும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒற்றி எடுத்து, முடியின் வேர் வரை காய வையுங்கள். தொடை இடுக்கில் முடியை ஒட்ட எடுத்துவிட்டால் பாதி வேலை குறையும். அதற்கு டிரிம்மர்தான் சரி. முயல் தோல் மெல்லிசு, கத்தரிக்கோல் பட்டால் கிழியும். டால்கம் பவுடர் தூவாதீர்கள், மூச்சுக்குள் போகும்.

விரிப்பிலும் விஷயம் இருக்கிறது. டர்க்கி டவலின் நூல் வளையத்தில் நகம் மாட்டும். பழைய பருத்திப் புடவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட், அதன்மேல் உறிஞ்சும் பேட், எல்லாவற்றுக்கும் மேல் ஃப்ளீஸ் துணி. ஃப்ளீஸ் ஈரத்தைக் கீழே விட்டுவிடும், மேல்பக்கம் அவ்வளவாக நனையாது.

நம் ஊரில் ஈக்குச் சீசன் கிடையாது. ஈரமான இடத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகி, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே உணர்ச்சி இல்லாத முயல் அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஆகவே காலையும் மாலையும் வாலைத் தூக்கி, தொடை இடுக்கை விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தெரிந்தால் மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன் வேண்டாம். நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் வேண்டாம், அது முயலுக்கு விஷம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

குடல் விஷயத்தில் பெரும்பாலும் பாசம்தான் கெடுக்கிறது. பாவம், முடியாத ஜீவன் என்று கேரட்டும் பழமும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். ஓடியாடாத முயலுக்குக் குடல் ஏற்கெனவே மந்தம். புல்தான் சாப்பாடு. டிமோதி என்ற உலர்புல் வாங்கக் கட்டுப்படி ஆகாவிட்டால் மருந்தடிக்காத அருகம்புல், கினியாப்புல் போதும். படுத்த இடத்திலேயே வாய்க்கு எட்ட வேண்டும். தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள்.

பின்பக்கத்தில் பளபளவென்று, கொத்தாக, மென்மையான புழுக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயப்படுபவர்கள் உண்டு. புரதமும் பி, கே வைட்டமின்களும் நிறைந்த அதை முயல் நேராக வாயால் எடுத்துத் தின்ன வேண்டும். குனிந்து எட்ட முடியாததால் விட்டுவைத்திருக்கிறது. ஸ்பூனில் எடுத்து மூக்குக்கு முன்னால் வையுங்கள், பெரும்பாலும் தின்றுவிடும். அருவருப்பெல்லாம் நமக்குத்தான்.

12 மணி நேரம் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அவசரம். 'காலையில் பார்க்கலாம்' என்று தூங்கப் போகாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவும் வேண்டாம். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால் அது குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து முயலைக் கொன்றே விடும். முயல் பார்த்துப் பழகிய மருத்துவரை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கோடையில் ஐஸ் பாட்டில் வைப்பது சரியான யோசனைதான். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திண்டாட்டம். ஆனால் உணர்ச்சி இல்லாத இடுப்போடு ஒட்டி வைத்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும், அதற்குத் தெரியவும் தெரியாது. துணி சுற்றி, தலைப்பக்கம், விலகிக்கொள்ள இடம்விட்டு வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று காது. முயல் காதைச் சொறிவது பின்னங்காலால்தான். அது முடியாதபோது அழுக்கு சேரும்; வாரம் ஒருமுறை உள்ளே பாருங்கள், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால் உடனே இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். கால் விழுவதற்கு என்செபலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணியும் காரணமாகலாம். சிறுநீர் வழியாகப் பரவும். ஃபென்பெண்டசோல் என்ற மருந்தை 28 நாள் கொடுப்பது வழக்கம், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். அரிதாக மனிதருக்கும் தொற்றலாம் என்பதால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

கடைசியாக, ஒப்படைக்கும் நேரம். அழகான போட்டோ அனுப்பி, வேலையின் அளவை மறைத்துத் தத்துக் கொடுத்தால் முயல் திரும்பி வரும், அதுவும் புண்ணோடு. வாராவாரம் குறித்த எடை, மருந்து நேரம் எல்லாம் உள்ள நோட்டைக் கையில் கொடுங்கள். எடுத்துப்போகிறவர் உங்கள் முன்னால் ஒருமுறை பின்பக்கத்தைத் துடைத்துக் காட்டட்டும். முகம் சுளித்தால் பரவாயில்லை, பழகிவிடும். இதற்கெல்லாம் வேலைக்கார அம்மா இருக்கிறார் என்றால் வேறு வீடு பாருங்கள்.