இயற்கையைச் சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

துகள் இயற்பியலுக்குள் வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டுவது மியூவான் டிடெக்டர், அதாவது வானிலிருந்து ஓயாமல் விழும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணும் கருவி. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகை ஒன்று, அதன் ஓரத்தில் ஒட்டிய ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் ஒன்று, வெளிச்சம் புகாமல் இரண்டையும் மூடும் கருப்புத் தாள் உறை, அவ்வளவுதான். மியூவான் பலகைக்குள் பாயும்போது மெல்லிய ஒளி மின்னும். குழாய் அதை மின்துடிப்பாக்கித் தரும். கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. 20 செ.மீ. சதுரப் பலகை என்றால் விநாடிக்கு ஆறேழு வரவேண்டும். ஆனால் எண்ணியில் ஐயாயிரம் ஓடுகிறது. என்ன செய்வீர்கள்?

பலரும் த்ரெஷோல்டை, அதாவது எண்ணப்படுவதற்குத் துடிப்பு தாண்ட வேண்டிய உயரத்தை, ஏற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை இறங்கியதும் மனம் ஆறிவிடும். ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். கூடவே உண்மையான மியூவான்களில் ஒரு பகுதியும் போயிருக்கும். முதலில் அறை விளக்கை அணையுங்கள். எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் உறைக்குள் வெளிச்சம் கசிகிறது என்று அர்த்தம். இருட்டிலேயே சின்ன டார்ச் ஒன்றை உறையின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். கருப்புத் தாள் மடியும் மூலையிலோ, குழாயும் பலகையும் சேரும் கழுத்திலோ எண்ணி திடீரென்று எகிறும். அந்த இடத்தில் கருப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் மறக்கவே கூடாது: ஹை வோல்ட்டேஜ் ஓடும்போது உறையைப் பிரிக்காதீர்கள். அறை வெளிச்சம் பட்டால் குழாயே பாழாகிவிடலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிரித்திருந்தாலும், மூடிய பிறகு சில மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இரண்டு பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் வரும் துடிப்பை மட்டும் எடுத்தால் இரைச்சல் போய்விடும் என்று நினைப்போம். குறையும், போகாது. ஒவ்வொரு பலகையிலும் விநாடிக்கு 1,000 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பின் அகலமும் 100 நானோவிநாடி என்று வைத்துக்கொண்டால், தற்செயலாக ஒன்றுசேர்பவை (இரண்டு எண்ணிக்கைகளையும் அகலத்தின் இரு மடங்கையும் பெருக்கினால்) விநாடிக்கு 0.2தான். தாங்கலாம். இரைச்சல் 10,000 ஆகிவிட்டால் அதே கணக்கு விநாடிக்கு 20 என்று சொல்லும். உண்மையான மியூவான்களைவிடப் பொய்கள் அதிகம்! இந்தப் பெருக்கலைப் போடாமல் வரைபடம் வரைய உட்காரக் கூடாது.

அப்புறம் கேபிள். முனையில் 50 ஓம் மின்தடை இல்லாவிட்டால் துடிப்பு சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பும். கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோவிநாடி ஆகும். பத்து மீட்டர் கேபிளில் போய்வர 100 நானோவிநாடி. ஒரு மியூவான் இரண்டாக எண்ணப்படும். ஆசிலோஸ்கோப் திரையில் பெரிய துடிப்புக்குப் பின்னால் சின்னதொன்று எப்போதும் ஒரே இடைவெளியில் வந்தால் இதுதான் காரணம்.

கேபிள் என்றதும் ஓபெரா என்ற நியூட்ரினோ சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தொலைவில் உள்ள இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்துக்கு நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வருவதாக அந்தக் குழு அறிவித்தது. புள்ளியியல் பிழை மிகச் சிறியது, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள். மாதங்கள் கழித்துத் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரத்தைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளின் இணைப்பான் முழுதாகத் திருகப்படவில்லை. ஒளி மங்கலாக வந்ததால் சமிக்ஞை சுமார் 73 நானோவிநாடி தாமதமானது. கடிகாரம் பின்தங்கியதால் நியூட்ரினோக்கள் முந்தி வந்ததுபோலத் தெரிந்தது. எத்தனை நிகழ்வுகளைச் சேர்த்தாலும் இந்த வகைப் பிழை குறையாது. எல்லா நிகழ்வுகளும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கும். நிகழ்வுகளைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையில் மிக ஆபத்தான தவறு என்று நான் நினைக்கிறேன்.

புது டிடெக்டர் உருவாக்குபவர்கள் செய்வது வேறு தவறு: மேஜை மேல் சில வாரம் ஓடியதை வைத்துப் பத்து வருடத்துக்கு உத்தரவாதம் தருவது. ஆர்பிசி என்ற துகள் டிடெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: மின்தடை மிகுந்த இரண்டு தட்டுகள், நடுவில் 2 மில்லிமீட்டர் வாயு, ஏறக்குறைய 10,000 வோல்ட். கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் பாபார் சோதனைக்கு பேக்லைட் தட்டுகளின் உட்புறத்தில் ஆளி விதை எண்ணெய் பூசியிருந்தார்கள். 1999 கோடையில் கூடத்தின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. கசிவு மின்னோட்டம் ஏறியது, துகள்களைப் பிடிக்கும் திறன் விழுந்தது. பிரித்துப் பார்த்தால், சரியாக உலராத எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு இரு தட்டுகளுக்கும் பாலம் போட்டிருந்தது. ஜப்பானின் பெல் சோதனை கண்ணாடித் தட்டுகளைப் பயன்படுத்தியது. அங்கே குற்றவாளி பிளாஸ்டிக் வாயுக் குழாய். அதன் சுவர் வழியே நீராவி உள்ளே ஊடுருவியது. ஃபுளோரின் உள்ள வாயு, ஈரம், மின்வெளியேற்றம் மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியையே அரிக்கும் அமிலம் பிறக்கும். செப்புக் குழாய்க்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

மதுரையில் உள்ள மினி-ஐகால் என்ற 85 டன் முன்மாதிரி டிடெக்டரில் இருப்பதும் கண்ணாடி ஆர்பிசிதான். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ஆர்பிசி கட்டுபவர்கள் குழாய் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அதன் வழியே எவ்வளவு நீராவி ஊடுருவும் என்பதையும் கேட்க வேண்டும்.

கருவி நன்றாகவே இருந்தாலும் நம் கண் ஏமாற்றும். 2015 டிசம்பரில் செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு குழுக்களும், ஒளித்துகள்கள் (ஃபோட்டான்) இரண்டிரண்டாக வரும் நிகழ்வுகளின் வரைபடத்தில் 750 ஜிஇவி (ஆற்றல் அலகு) அருகே மேடு ஒன்றைக் காட்டின. அட்லஸ் தரவில் அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் 3.6 சிக்மா (தற்செயல் என்று ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு), வரைபடம் முழுவதும் தேடினோம் என்பதையும் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய 2. கண்டுபிடிப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் கோட்பாட்டுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. 2016 ஆகஸ்டில் புதிய தரவு வந்ததும் மேடு கரைந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே தேர்வு நிபந்தனைகளைத் திருத்துபவர்களிடம் இப்படிப்பட்ட மேடுகள் தினமும் முளைக்கும். நிபந்தனைகளை முதலில் உறுதிசெய்து எழுதி வைத்துவிட்டு, அதற்கப்புறம் தரவைத் திறங்கள்.

கடைசியாக, லாக் புத்தகம். யார் எந்தக் கேபிளைக் கழற்றினார், அப்போது வெப்பம் எவ்வளவு, வோல்ட்டேஜ் எவ்வளவு, எல்லாம் நேரத்தோடு எழுதப்பட வேண்டும். ஓபெரா விஷயத்தில் உதவியதும் பழைய பதிவுகள்தான். பக்கத்தில், சுமார் 160 மீட்டர் தள்ளி, எல்விடி என்ற இன்னொரு டிடெக்டர் இருந்தது. மலையைத் துளைத்துக் கிடையாக வந்து இரண்டையும் கடந்த மியூவான்களை 2007 முதல் தேடி எடுத்து, இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டார்கள். 2008 நடுவிலிருந்து 2011 முடியும்வரை ஓபெராவின் நேரம் 73 நானோவிநாடி தள்ளியே நின்றிருந்தது.