விண்வெளித் தொலைநோக்கி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியை அரைகுறையாகத் தேய்த்துவிட்டார்கள் என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை மிகத் துல்லியமாகத்தான் தேய்த்தார்கள், ஆனால் தப்பான வடிவத்துக்கு. விளிம்புப் பகுதி சுமார் 2.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அதிகத் தட்டையாகப் போனது. 1990 ஏப்ரலில் ஏவிய பிறகுதான், படங்கள் மங்கலாக வந்து, விஷயம் வெளியே தெரிந்தது.

அளக்கும் கருவியை யாரும் அளக்காமல் விட்டதுதான் அங்கே நடந்த முதல் தவறு. கண்ணாடியின் வளைவைச் சோதிக்க, சிறு லென்ஸ் ஒன்றும் இரண்டு கண்ணாடிகளும் கொண்ட கருவி இருந்தது. லென்ஸை எவ்வளவு தூரத்தில் பொருத்துவது என்று பார்க்க ஓர் அளவுகோல் தண்டு. அதன் முனையில் பட்டுத் திரும்ப வேண்டிய லேசர், மேலிருந்த மூடியில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. அந்த இடத்துக்கு லென்ஸ் இறங்காததால், சாதாரண வாஷர்களைச் செருகி இறக்கினார்கள். நுட்பமான கருவியில் வாஷர் செருக வேண்டிய நிலை வந்தால், வேலையை அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அடுத்த தவறு. எளிமையான வேறு இரண்டு கருவிகள் பிழையைக் காட்டின. ‘அவை அவ்வளவு துல்லியமில்லை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைந்த கருவிக்கு நுண்ணிய பிழை தெரியாமல் போகலாம். பெரிய பிழை தெரியும். இரண்டு அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று தெரியும்வரை இரண்டையும் நம்பக் கூடாது. செலவைக் காட்டி முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாக வைத்துச் சோதிக்காமல் விட்டதால், கடைசி வாய்ப்பும் போனது. ஹப்பிள் கைக்கெட்டும் உயரத்தில் இருந்ததால் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய முடிந்தது.

மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1999 மார்ச்சில் ஏவப்பட்ட நாசாவின் வயர் (WIRE) என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியில், மூடியைக் கழற்றும் மின்னணுச் சுற்றுக்கு மின்சாரம் கொடுத்த கணத்தில் அது எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. மூடி முன்கூட்டியே கழன்று, குளிர்விக்க வைத்திருந்த திட ஹைட்ரஜன் முழுதும் ஆவியாகிவிட்டது. ஆகவே சுற்று நிலையாக இயங்கும்போது மட்டும் சோதித்தால் போதாது, ஆன் செய்யும் அந்த நொடியையும் சோதிக்க வேண்டும்.

ஏவிய பிறகு அனுப்பும் மென்பொருள் அளவுருக்களும் (மென்பொருள் பயன்படுத்தும் எண் மதிப்புகள்) வடிவமைப்பில் சேர்ந்தவைதான். ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர் தொலைநோக்கி, 2016இல், சுழலாமலே சுழல்வதாகத் தன்னைத் தப்பாகக் கணித்தது. அதைச் சரிசெய்யப் போய் நிஜமாகவே சுழல ஆரம்பித்தது. அப்புறம், சரிபார்க்காமல் பதிவேற்றிய உந்து அமைப்பின் அளவுருக்கள் சுழற்சியை இன்னும் வேகப்படுத்தின. சூரியத் தகடுகள் முறிந்தன. ஏவிய ஆறே வாரத்தில் கதை முடிந்தது.

சில விஷயங்களை எவ்வளவு கவனமாக இருந்தாலும் முழுசாகத் தடுக்க முடியாது. ஈரம் அப்படி ஒன்று. தரையில் உள்ளே தங்கிய நீராவி மெல்ல வெளியேறிக் குளிர்ந்த கண்ணாடிகளில் பனியாகப் படியும். ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியில் அப்படித்தான் ஆனது. ஆனால் அதன் கண்ணாடிகளைத் தனித்தனியாகச் சூடாக்க வசதி இருந்தது. 2024 மார்ச்சில் ஒரே ஒரு கண்ணாடியின் வெப்பநிலையை 34 டிகிரி உயர்த்தியதும், உள்ளே வரும் ஒளி 15 சதவீதம் கூடியது.