பீரோவில் பூட்டிய எஸ்எஸ்டி: கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மண்டபத்தில் உள்ள என் கடைக்கு ஒரு கட்டைப்பையோடு வந்தார். உள்ளே ஏழெட்டு ஹார்ட் டிஸ்க். "தம்பி, எல்லாம் பழசாப் போச்சு. கல்யாண வீடியோ பூராத்தையும் எஸ்எஸ்டியில ஏத்தி பீரோவுல வச்சுப் பூட்டிரவா?" என்றார். "வேணாம்ணே" என்றேன்.

எஸ்எஸ்டி வேகமானது, அதனால் பத்திரமானது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதில் காந்தமாகப் பதிந்தது கரண்ட் இல்லாமலும் பல வருடம் நிற்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஃபிளாஷ் சில்லின் நுண்ணிய அறைகளில் சார்ஜை அடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம் கசியும். எழுதும் ஆயுள், அதாவது இவ்வளவுதான் எழுதலாம் என்ற கணக்கு, முடிந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பது சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், சரி. ஆனால் சித்திரை மாதத்தில் நம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பீரோ 30 டிகிரியிலா இருக்கும்?

அதற்காக ஹார்ட் டிஸ்க் உப்புக்காற்றுக்கு அஞ்சாதது என்று சொல்ல வரவில்லை. அண்ணன் கொண்டுவந்ததில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்யூட் போர்டின் செம்புப் புள்ளிகள் கறுத்துப்போயிருந்தன, பின்களின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. மேல்பக்கம் கல்யாணத் தேதி எழுதிய ஸ்டிக்கர், சரியாக அந்தச் சின்னத் துளையின் மேலேயே! ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளைத் தவிர மற்றவற்றில் உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சமன் செய்யத்தான் வடிகட்டியோடு அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதை மூடக் கூடாது என்று டிஸ்க்கிலேயே அச்சிட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்? ஸ்டிக்கரை ஓரத்தில் ஒட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிடுதான் மிச்சம்.

ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி இடம் மாற்றுவதும் ஆகாது. தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி தூசியைவிடச் சிறியது. நிறுத்திவிட்டு எடுங்கள்.

எஸ்எஸ்டியிடம் இன்னொரு குணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் 'டக் டக்' என்று சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்று வரை ஓடி, இன்று கம்ப்யூட்டரில் தெரியவே தெரியாது. தவறுதலாக ஃபைலை அழித்தாலும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறு எதுவும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் 'டிரிம்' என்ற வேலை பின்னணியில் நடந்து, அழித்த இடத்தைத் துடைத்துவிடும். "ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க" என்று வருகிறவர்களைப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திருப்பி அனுப்புகிறேன்.

அப்புறம், பழைய பழக்கத்தில் எஸ்எஸ்டியை டிஃபிராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலை) செய்யாதீர்கள். எழுதும் ஆயுள்தான் குறையும். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு 16 டிபி (டெராபைட்) என்று வரும் போலிகளைத் தொடவே வேண்டாம்.

இரண்டு காப்பியையும் ஒரே வீட்டில் வைத்தால் அது ஒரு காப்பிதான். 1964-ல் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த தீவில் இதை விளக்கத் தேவையில்லை. அண்ணன் புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றைப் பரமக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு மட்டும் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். ஸ்டிக்கர்களை அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்.